மேனேஜர் வாய் திறக்கவில்லை

எங்கள் வீட்டு நாய்க்கு மேனேஜர் என்று பேர் வைத்தது என் வீட்டுக்காரர். குட்டியாக வந்த முதல் வாரமே அவன் ஒவ்வோர் அறையாகப் போய் எட்டிப் பார்ப்பான், ஒரு பெருமூச்சு விடுவான், ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்து படுத்துக்கொள்வான். "எங்க ஃபேக்டரி மேனேஜரும் இதையேதான் பண்றாரு. அவருக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க" என்றார் வீட்டுக்காரர். பேர் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரருக்கு ரொட்டி ஃபேக்டரியில் அடுப்புப் பக்கம் வேலை, ராத்திரி ஷிப்ட். ஊர் எழுந்திருக்கும்போது படுத்து, ஊர் அடங்கும்போது கிளம்புகிற மனிதர். மாடியில் அவர் தூங்குவார், கீழே என் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவெடுத்துக் கண்ணாடி வெட்டித் தருவது என் தொழில். வெட்டுகிற சத்தம் அவரை எழுப்பாது, அது பல்லி சத்தம் அளவுக்குத்தான். நாய் குரைத்தால் எழுப்பும். அதனால் மேனேஜரின் வாயை நான் அடைத்தேன். குரைக்கப் போகும்போதெல்லாம் உதட்டில் விரலை வைப்பேன். அடக்கிக்கொண்டால் ஒரு பிஸ்கட், அடக்காவிட்டால் ஒரு முறைப்பு. என் முறைப்புக்கு என் மகளே அடங்குவாள், நாய் எம்மாத்திரம்?

கொஞ்ச நாளில் அவன் தேர்ந்துவிட்டான். கூரியர்காரர் வந்தாலும், மதில் மேல் பூனை போனாலும் நேரே என் முன்னால் வந்து நிற்பான். கன்னம் இரண்டும் உப்பும், வாலில் அவசரம் தெரியும், கண்ணில் ஆயிரம் சேதி இருக்கும், வாய் மட்டும் திறக்காது. சாயங்காலம் வீட்டுக்காரரின் பைக் தெருமுனை திரும்பியதும் நான், "சரி, சொல்லு" என்பேன். அப்போது கொட்டுவான் பாருங்கள்! காலையிலிருந்து சேர்த்து வைத்த கூரியர், பூனை, பால்காரர், பக்கத்துக் கடை ஷட்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் குரைத்து முடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவான். தெருவில் எல்லோருக்கும் எங்கள் வீட்டு 'சொல்லு' நேரம் தெரியும்.

இப்படி நிம்மதியாக இருந்த வீட்டில்தான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம்.

ஒரு மழை நாளில் பக்கத்துக் கட்டடத்துப் பெரியவரைக் காணவில்லை. மகனும் மருமகளும் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அவன் அவளை இழுத்துக்கொண்டு போய், கட்டடத்தின் பின்னால் மோட்டார் அறை வாசலில் நின்றுவிட்டான். இழுத்தாலும் வரவில்லை. உள்ளே பெரியவர் வழுக்கி விழுந்து, கத்திக் கத்திக் குரல் போய்க் கிடந்தார். மழையில் ஊதிப்போன கதவைத் திறக்கத் தீயணைப்புக்காரர்கள் வரவேண்டியிருந்தது. வந்தவர்களில் ஒரு அம்மா பெரியவரைப் பார்த்த நேரத்தைவிட எங்கள் நாயைப் பார்த்த நேரம் அதிகம். ஒட்ட வெட்டிய முடி, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அதனால் எனக்கு அவர் பேர் விசில்.

மறுநாளே விசில் என் கடைக்கு வந்துவிட்டார். இடிபாடுகளில் சிக்கியவர்களைத் தேடுகிற நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவராம் அவர். மேனேஜர் அவர் ஷூவை முகர்ந்து, பெருமூச்சு விட்டு, மேஜைக்கடியில் போய்ப் படுத்தான்.

"நாயைக் குடுங்கன்னு கேக்க வரலைங்க. நாயோட ஒரு ஆளையும் சேர்த்துக் கேக்க வந்திருக்கேன்" என்றார். "எங்க படையில பாதி வீட்டு நாய்ங்கதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பயிற்சி. எங்கயாவது கட்டடம் விழுந்தா, மண் சரிஞ்சா, நாயும் அதை வளர்க்கறவங்களும் சேர்ந்து போவாங்க. நாய் முகர்ந்து காட்டும், ஆள் கூடவே இருக்கணும்."

"நான் போறேன்" என்றாள் மகள், நான் இன்னும் 'உட்காருங்கள்' என்றுகூடச் சொல்லவில்லை, அதற்குள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள் அவள். நாள் முழுக்க யார் மூக்கிலாவது கண்ணாடியை மாட்டி, "இந்த வரி தெரியுதா, அடுத்த வரி தெரியுதா" என்று கேட்கிற வேலை. அவள் அன்று 'நான் போறேன்' என்று சொன்ன குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கையில் இருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க" என்றேன் விசிலிடம். "உள்ள போன உங்க ஆளுங்க எல்லாரும் திரும்பி வந்திருக்காங்களா?"

அவர் விசிலை விரலால் உருட்டினார். "எல்லாரும் இல்லைங்க. விழுந்த கட்டடம் சில சமயம் ரெண்டாவது தடவையும் விழும். அதுக்கு எங்ககிட்ட வைத்தியம் இல்ல."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டு அனுப்பியிருப்பேன். உண்மையைச் சொன்னதால் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாயைச் சோதித்துப் பார்ப்பதாகவும், தேறினால் மட்டும் மேற்கொண்டு பேசுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அது நாயைப் பார்த்துச் சொன்னதில்லை, என்னைப் பார்த்துச் சொன்னது. மாடிக்கும் கடைக்கும் ஏறி இறங்கினேன். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தேன். கண்ணாடியில் ஒரு கோடு ஒரே தடவைதான் போட வேண்டும், அதே கோட்டின் மேல் இன்னொரு தடவை வெட்டுச் சக்கரத்தை ஓட்டினால் எங்கே உடையும் என்று கடவுளுக்கே தெரியாது. தொழிலுக்கு வந்த முதல் நாள் படித்த பாடம். அந்த வாரம் மூன்று முறை கோட்டின் மேல் கோடு போட்டு மூன்று கண்ணாடிப் பலகையைப் பாழாக்கினேன்.

மகளிடம் நேராகப் பேசத்தான் வாய் வரவில்லை. வந்ததெல்லாம் நாயைப் பற்றித்தான்.

"இடி இடிச்சா கட்டிலுக்கடியில போறவன், இடிஞ்ச கட்டடத்துக்குள்ள போவானா?"

"பழக்கினா போவான்."

"பிஸ்கட்டுலயே வெண்ணெய் பிஸ்கட் வேணும்னு கேக்கறவன். அங்க யாரு வெச்சிருப்பா?"

"நான் வெச்சிருப்பேன்."

"அவனுக்குக் கால் வேற இடது பக்கம் கொஞ்சம் இழுக்குது."

"எப்பருந்து?"

"நேத்துலருந்து."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ நாயைப் பத்திப் பேசறியா, என்னைப் பத்திப் பேசறியா?"

"நாயைப் பத்தித்தான்டி!" என்று கத்தினேன். மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தான். இந்த வீட்டில் வாயை அடக்க வேண்டியவர் யார் என்று கேட்கிற பார்வை.

வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். தலைமுடி ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. "போகட்டும் விடு" என்றார்.

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"இருக்கு. நான்கூடத் தெனம் அடுப்பு முன்னாலதான் நிக்கறேன். நீ பயப்படலையா?"

"ரொட்டி மேல விழுந்து இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாய் குரைக்க ஆரம்பிச்சா உங்க தூக்கம் என்னாகறது, அதையாவது யோசிச்சீங்களா?" என்று கடைசி அஸ்திரத்தையும் போட்டேன். "காதுல பஞ்சு வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே போய்ப் படுத்துக்கொண்டார். அப்பாவும் மகளும் ஒரு கட்சி. எதிர்க்கட்சியில் நான் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் பெரிய மைதானம். அதில் வேண்டுமென்றே குவித்து வைத்த இடிபாடு. உடைந்த கான்கிரீட் பலகைகள், வளைந்த கம்பிகள், பாதிச் சுவர், நடுவில் ஒரு குளியல் தொட்டிகூடக் கிடந்தது. அங்கங்கே மனிதர் படுக்கிற அளவுக்குச் சிமெண்ட் குழாய்கள், வாயில் மரப்பலகை மூடி. அந்தக் குழாய்களில் ஒன்றில் ஆள் ஒளிந்துகொள்ளும். நாய் கண்டுபிடித்து அங்கேயே நின்று குரைக்க வேண்டும். குரைத்தால் உள்ளே இருப்பவர் ஒரு துணிப் பந்தைக் கொடுப்பார், நாய் அதைக் கடித்து இழுத்து விளையாடலாம். இவ்வளவுதான் சோதனை.

"குரைக்கறதுதான் முக்கியம்" என்றார் விசில். "நாய் கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்கும். அது சத்தம் குடுத்தாத்தான் மேல இருக்கறவங்களுக்குத் தெரியும். கண்டுபிடிச்சிட்டு வாய மூடிக்கிட்டு நின்னா, கண்டுபிடிக்காததும் அதுவும் ஒண்ணுதான்."

மகள் துணிப் பந்தோடு போய் ஒளிந்துகொண்டாள். எந்தக் குழாய் என்று எனக்கும் காட்டவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்களோடு நான் மைதானத்து ஓரத்தில் நின்றேன். உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை.

மேனேஜரை அவிழ்த்துவிட்டார்கள். அறை அறையாக எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற அந்த நாயா இவன்? மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்தான். பலகை மேல் ஏறினான், சரிவில் இறங்கினான், கம்பிகளுக்கிடையே வளைந்து போனான். கால் இழுக்கவே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கடைசியில் பாதிச் சுவருக்குப் பின்னால் இருந்த குழாயின் மூடியில் மூக்கை வைத்தான். வால் நின்றது.

பிறகு தலையைத் திருப்பி, அவ்வளவு தூரத்திலிருந்து, அத்தனை பேருக்கு நடுவில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் புரிய வழியில்லை. மகள் உள்ளே இருட்டில் இருந்தாள். மற்றவர்களுக்கு அது, நாய் சும்மா திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அவன் என் உத்தரவுக்குக் காத்திருந்தான். ஒரே ஒரு வார்த்தை. அது என் நாக்கு நுனியில் இருந்தது.

சொன்னால் அவன் குரைப்பான். குரைத்தால் தேறுவான். தேறினால் அவள் போவாள், விழுந்த கட்டடத்துக்குள், இரண்டாவது தடவையும் விழுகிற கட்டடத்துக்குள். சொல்லாவிட்டால் நாளைக் காலை அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவாள், சாயங்காலம் வீட்டுக்கு வருவாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"குரைக்கணும், குரைக்கணும்" என்று விசில் முணுமுணுத்தார். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கான்?" மேனேஜர் ஒரு காலைத் தூக்கி வைத்தான், திரும்பவும் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில், நேரம் முடிந்தது என்று அவர் கழுத்து விசிலை ஊதிவிட்டார்.

மகள் சிமெண்ட் தூசியோடு வெளியே வந்தாள். "வந்தானே! மூடிகிட்ட மூச்சு விட்டானே! ஏன் குரைக்கல?" என்றாள். சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அம்மா, அவன் உன்னைப் பார்த்தானா?"

"வெயில் கண்ணுல அடிச்சுது. கவனிக்கல."

அவள் நம்பினாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் அவனைக் குரைக்க விடுவதில்லை, அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் என்று விசிலிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். விசில் யோசித்தார். "மூக்கு நல்ல மூக்கு. விட மனசில்ல. இன்னொரு தடவை பார்க்கலாம். அவனுக்கு யாருன்னா உயிரோ, அவங்க ஒளியட்டும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. துணிப் பந்தைக் கையில் கொடுத்தார்கள். "உள்ள ஒரு சத்தமும் போடாதீங்க. நெஜமா சிக்கினவங்களுக்குக் குரல் இருக்காது" என்று சொல்லி மூடியைச் சாத்தினார் விசில்.

ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராதவள் நான். அங்கே புரண்டு படுக்கக்கூட இடமில்லை. முழங்கால் முகவாயில் இடித்தது. ஈரச் சிமெண்ட் நாற்றம். மூடியின் இடுக்கில் விரல் அகலம் வெளிச்சம். நடிப்புத்தானே என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மூச்சு முட்டியது. யாராவது வந்தால் போதும் என்று இருந்தது. இது வெறும் மைதானம், மூடி வெறும் பலகை, தள்ளினால் திறக்கும். அப்படியிருந்தும் இப்படி.

வந்தான். நகம் சிமெண்டில் கீறுவது கேட்டது. இடுக்கில் ஈர மூக்கு. அவன் மூச்சு என் கையில் சுட்டது. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் ஒன்றும் இல்லை. அவன் நின்றான். நான் கிடந்தேன். ஒரு சாண் தூரத்தில் இருந்தான், ஆனால் நான் இங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வெளியே யாரோ இருமினார்கள். இப்போது விசில் ஊதிவிடுவார்கள், தேடியது போதும் என்று போய்விடுவார்கள் என்று தோன்றியது. அடக்க முடியவில்லை.

"சொல்லுடா! சொல்லித் தொலைடா!"

மேனேஜர் குரைத்தான். ஒரு வாரத்துச் சரக்கை ஒரே தடவையாகக் கொட்டினான். மூடி திறந்தது. விசில் தலையை ஆட்டினார். "நீங்க குரல் குடுத்துட்டீங்க. இது கணக்குல வராது."

மகள் விசிலுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள். "ஒரு வார்த்தை போதும் அவனுக்கு" என்றாள் மெதுவாக. "அப்ப முதல் தடவையும் உன்னைத்தான் பார்த்திருப்பான். இல்ல?"

"பார்த்தான்."

"வெயில்னு சொன்ன."

"வெயில் இல்ல."

"ஏம்மா?"

"சொன்னா நீ போயிடுவ. அதான். வேற என்ன காரணம் வேணும் உனக்கு?" என்று குழாய் வாயில் உட்கார்ந்தபடியே கத்தினேன். அத்தனை பேர் முன்னால் என் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்குடி. நீ எங்கயோ கல்லுக்கடியில கிடப்ப, நான் கண்ணாடி துடைச்சிட்டு இருப்பேன். என்னால முடியாது."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பித் திட்டலாம். அவள் திட்டவில்லை. குனிந்து மேனேஜரின் கழுத்தில் வாரை மாட்டினாள். "சரிம்மா. உனக்கு இவ்வளவு பயம்னா வேணாம். வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். அன்றைக்குக் கடையில் 'நான் போறேன்' என்று சொன்ன குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. 'அடுத்த வரி தெரியுதா' என்று கேட்கிற குரல்தான் மிச்சம் இருந்தது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. கால் எழும்பவில்லை.

"இவன் என்கிட்ட உத்தரவு கேக்கறத எப்படி நிறுத்தறது?" என்று விசிலிடம் கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னை. "உத்தரவு குடுக்கறவங்க உள்ள இருக்கணும். அவன் எவ்வளவு நேரம் தவிச்சாலும் வாயத் திறக்கக் கூடாது. அவனுக்கே பொறுமை போகணும். போய்த் தானா கத்திட்டான்னா, அப்புறம் யாரையும் கேக்க மாட்டான். ஆனா அதுக்கப்புறம் அவன் உங்க பேச்சுல நிக்க மாட்டான், பாத்துக்கோங்க."

"தெரியுது" என்றேன். துணிப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி படுத்தேன். "மூடுங்க."

"அம்மா, வேணாம்னு சொல்லிட்டேன்ல?" என்றாள் மகள்.

"நாயை அவுத்துவிட வேண்டியது நீதான். போ."

மூடி விழுந்தது. திரும்ப அதே இருட்டு, அதே நாற்றம். சட்டைக் கையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன், என்னை நான் நம்பவில்லை. அவன் இந்தத் தடவை தேடவே இல்லை, நேராக வந்துவிட்டான். மூக்கு, மூச்சு, அப்புறம் அமைதி. உள்ளிருந்து சொல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. மூடியைக் கீறினான். 'ஙீ' என்று முனகினான். குட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரிகூட அவன் அப்படி முனகவில்லை. என் பல் சட்டையைத் தாண்டிக் கையில் பதிந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவனுக்கும் தீரும், எனக்கும் தீரும். சொல்லவில்லை.

முதலில் ஒரு பாதிக் குரைப்பு வந்தது, கேள்வி மாதிரி. நான் அசையவில்லை. இன்னொன்று. பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. என் மேல் வந்த கோபம். யாரையும் கேட்காமல் மைதானம் அதிரக் குரைத்தான், நிறுத்தவே இல்லை.

அந்தக் குரைப்பையும் மீறி மகளின் கால் சத்தம் கேட்டது. கல் மேல் கல்லாகத் தாவி, தடுக்கி, எழுந்து, ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் என்னை நோக்கி அவ்வளவு வேகமாக ஓடி வந்து எத்தனையோ வருஷமாகிறது. இனி அவள் இப்படித்தான் ஓடுவாள், முகம் தெரியாத யாரோ ஒருவரை நோக்கி. அந்த யாரோ உள்ளே இப்படித்தான் கிடந்து அந்தக் கால் சத்தத்தைக் கேட்பார்.

மூடி திறந்தது. வெளிச்சம் கூசியது. மேனேஜர் என் கையிலிருந்த பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மகள் கையை நீட்டினாள். "வந்துட்டேன்மா. வெளிய வா."

"கொஞ்சம் இருடி" என்றேன். அழுது முடிக்க எனக்கு இன்னும் சற்று நேரம் வேண்டியிருந்தது.